சால்மோனெல்லா + மேக்ரோஃபேஜ்: ஜென்டமைசின் சோதனையில் 16 மணிக்கு எண்ணிக்கை ஏறாமல் இறங்குவது ஏன்?

கயல்_ஆய்வகம்:

ரா 264.7 செல்களில் (எலி மேக்ரோஃபேஜ்) சால்மோனெல்லா டைஃபிமியூரியம் எஸ்எல்1344 இனத்தை வைத்து ஜென்டமைசின் பாதுகாப்புச் சோதனை, அதாவது வெளியே உள்ள பாக்டீரியாவை மருந்தால் கொன்று, செல்லுக்குள் இருப்பதை மட்டும் எண்ணுவது. எண்கள் ஒத்துவரவில்லை. முறையை அப்படியே தருகிறேன், எங்கே ஓட்டை என்று பாருங்கள்.

முந்தின நாள் 24 குழித் தட்டில் குழிக்கு 2.5 × 10⁵ செல். ஆன்டிபயாடிக் இல்லாத டிஎம்இஎம், 10% சீரம். பாக்டீரியாவை இரவு முழுக்க எல்பியில் வளர்த்து, காலையில் 1:33 நீர்த்து, 3.5 மணி நேரம் குலுக்கி, எம்ஓஐ 10 (செல்லுக்கு 10 பாக்டீரியா) என்று சேர்த்தது. 200 ஜி-யில் 5 நிமிடம் சுழற்சி, 37 டிகிரியில் 30 நிமிடம், மூன்று முறை பிபிஎஸ் கழுவல். பிறகு மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஜென்டமைசின், கடைசிவரை அதே மீடியம். 0.1% டிரைட்டான் எக்ஸ்-100 கொண்டு உடைத்து எல்பி அகாரில் பரப்பியது.

வைல்ட் டைப் (மாற்றாத மூல இனம்): தொற்றி 2 மணி நேரத்தில் குழிக்கு 1.2 × 10⁵, 16 மணி நேரத்தில் 2 × 10⁴. எஸ்எஸ்ஏ-வி மியூட்டன்ட் (உள்ளே பெருகத் தேவையான எஸ்பிஐ-2 ஊசி அமைப்பு இயங்காதது): 1.1 × 10⁵, 1.8 × 10⁴.

வைல்ட் டைப் உள்ளே பெருக வேண்டும், எஸ்எஸ்ஏ-வி பெருகக் கூடாது. இங்கே இரண்டும் கைகோத்து இறங்குகின்றன. இதே கல்ச்சர் ஹீலா செல்லுக்குள் (மனித எபிதீலியச் செல்) நன்றாகவே நுழைகிறது.

மருதன்:

கயல், கடைசி வரியிலேயே பாதி பதில் இருக்கிறது. ஹீலாவுக்குப் பொருந்தும் கல்ச்சரை மேக்ரோஃபேஜுக்கும் கொடுத்திருக்கிறீர்கள்.

1:33 நீர்த்து 3.5 மணி நேரம் வளர்ப்பது, செல்லுக்குள் புரதங்களைச் செலுத்தும் எஸ்பிஐ-1 ஊசி அமைப்பை முழு வீச்சில் இயக்கத்தான். எபிதீலியச் செல் தானாக விழுங்காது. சோப்-ஈ, சோப்-ஈ2, சோப்-பி ஆகிய புரதங்களை பாக்டீரியா அதனுள் செலுத்தி, செல்லின் ரேக்1, சிடிசி42 புரதங்கள் இரண்டையும் முடுக்கி, ஆக்டின் சவ்வை மடிப்பு மடிப்பாக எழும்பச் செய்து உள்ளே போகிறது. அதற்கு இந்தக் கல்ச்சர் வேண்டும்.

மேக்ரோஃபேஜோ தானே விழுங்கும். அதனிடம் எஸ்பிஐ-1 இயங்கும் பாக்டீரியா போனால் செல் எச்சரிக்கையாகிவிடும். ஃபிளாஜெலினை (பாக்டீரியா வாலின் புரதம்) நைப்5, நைப்6 புரதங்களும், எஸ்பிஐ-1 ஊசியின் தண்டுப் பகுதியை நைப்2 புரதமும் அடையாளம் காணும். அடுத்து என்எல்ஆர்சி4 புரதம் எழும், பிறகு காஸ்பேஸ்-1 நொதி. காஸ்பேஸ்-1 வெட்டிய காஸ்டெர்மின்-டி புரதம், செல் சவ்வில் சுமார் 20 நானோமீட்டர் அகலத் துளை போடுகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே செல் உப்பிச் சாகும். இதுதான் பைரோப்டோசிஸ்.

இதை ஜென்டமைசினோடு சேர்த்துப் பாருங்கள். இந்தச் சோதனை நிற்பதே "மருந்து செல்லுக்குள் போகாது" என்ற ஒரே தூணின் மீது. துளை விழுந்த செல்லுக்குள் மருந்து தடையில்லாமல் போகும், உள்ளே இருந்த பாக்டீரியா செத்துவிடும். காலனி குறையும். உங்கள் கண்ணுக்கு அது "மேக்ரோஃபேஜ் கொன்றுவிட்டது" என்று தெரியும். உண்மையில் கொன்றது நீங்கள் ஊற்றிய மருந்து.

மேக்ரோஃபேஜுக்கு, இரவு முழுக்க 16–18 மணி நேரம் வளர்ந்து தேக்க நிலைக்கு வந்த கல்ச்சரை அப்படியே எடுங்கள். அதில் எஸ்பிஐ-1 அடங்கியிருக்கும். உள்ளே போனபின், பாக்டீரியா அடைபடும் குமிழியின் அமிலமும் மெக்னீசியக் குறைவும் எஸ்பிஐ-2-வை எழுப்பும். எஸ்பிஐ-2 ஊசியின் தண்டை நைப்2 கண்டுகொள்வதில்லை, ஃபிளாஜெலின் உற்பத்தியும் உள்ளே அடங்கிவிடும். அதனால்தான் செல் உயிரோடு இருக்கும்போதே பாக்டீரியா பெருக முடிகிறது.

யாழ்க்கலம்:

மருதன் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ரா 264.7 கலங்களில், காஸ்பேஸ்-1-ஐ இணைக்கும் ஏஎஸ்சி புரதம் இல்லை. அதனால் காஸ்பேஸ்-1 வெட்டி வெளிவரும் ஐஎல்-1 பீட்டாவை அளந்துவிட்டு "ஒன்றும் வெளிவரவில்லை, ஆகவே கலம் சாகவில்லை" என்று முடிவெடுக்க வேண்டாம். என்எல்ஆர்சி4-க்குக் காஸ்பேஸ்-1-ஐ நேரடியாகப் பிடிக்கும் பகுதி உண்டு, ஏஎஸ்சி இல்லாமலும் கலச்சாவு நடக்கும்.

சாவை நேரடியாகப் பாருங்கோ. மில்லிக்கு 1 மைக்ரோகிராம் புரோப்பிடியம் அயோடைட்டை 10 நிமிடம் விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தால், துளை விழுந்த கலங்களின் கரு சிவப்பாகத் தெரியும். இது 1 மணிக்கும் 2 மணிக்கும் போதும். எல்டிஎச் (உடைந்த கலத்திலிருந்து கசியும் நொதி) அளப்பதென்றால், சீரத்திலேயே எல்டிஎச் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. கலமே இல்லாத மீடியம் ஒன்று, முழுக்க உடைத்த குழி ஒன்று, தொற்று இல்லாத குழி ஒன்று, மூன்றும் ஒவ்வொரு நேரத்துக்கும் வேண்டும். 16 மணிக்கு மட்டும் அளந்தால் குறைவாகவே காட்டும், ஏனென்றால் ஆரம்பத்தில் வெளிவந்த நொதி அதற்குள் செயலிழக்கத் தொடங்கிவிடும்.

அகார்தட்டு:

கல்ச்சர் விஷயம் சரி. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய தவறாகப் படுவது 16 மணி நேரமும் 100 மைக்ரோகிராம் விட்டதுதான்.

ஜென்டமைசின் சவ்வைக் கடக்காது என்பது முழு உண்மை அல்ல. நேர்மின்னூட்டம் நிறைந்த, நீரில் கரையும் மூலக்கூறு அது. கொழுப்புச் சவ்வைத் தாண்டுவது கடினம். ஆனால் மேக்ரோஃபேஜ் ஓயாமல் சுற்றியுள்ள திரவத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் செல். குடிக்கும் திரவத்தோடு மருந்தும் போய் லைசோசோமில் சேர்கிறது. மணிக்கணக்கில் விட்டால் பாக்டீரியா இருக்கும் குமிழிக்கும் வந்து சேரும். அமிலச் சூழலில் ஜென்டமைசினின் வேகம் குறையும் என்பது ஓரளவு காப்பாற்றும், அவ்வளவுதான்.

வழக்கம்: முதல் 1 மணி நேரம் மில்லிக்கு 100, அதன்பின் ஒருமுறை கழுவி, மில்லிக்கு 10 முதல் 20 உள்ள புது மீடியம். இரண்டாம் கட்டத்தை மொத்தமாக விட்டுவிடவும் கூடாது. செத்த செல்லிலிருந்து வெளியே வரும் பாக்டீரியா மீடியத்தில் பெருகி, 16 மணிக்குள் தட்டையே மூழ்கடித்துவிடும்.

மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு கட்டுப்பாடுகள். ஒன்று, செல் இல்லாத குழியில் அதே அளவு பாக்டீரியா, அதே 1 மணி நேரம். இரண்டு, உடைப்பதற்கு முன் எடுக்கும் கடைசிக் கழுவல் நீரில் 100 மைக்ரோலிட்டரை நேராக அகாரில் பரப்புவது. இதில் வரும் காலனி, உடைத்த செல்லில் வருவதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டக் கூடாது.

மியூட்டன்ட் எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் பாருங்கள். கனமைசின் கேசட் (அந்த மருந்தைத் தாங்கும் ஜீன் துண்டு) வைத்தது என்றால் பொதுவாகப் பயமில்லை, பிகேடி4 பிளாஸ்மிட்டில் வரும் ஜீன் கனமைசினையும் நியோமைசினையும்தான் தடுக்கும். ஏஏசி(3) வகை ஜீன் உள்ள கேசட் என்றால் அந்த பாக்டீரியா ஜென்டமைசினில் சாகவே சாகாது, சோதனை முழுக்கப் பொய்யாகும்.

கயல்_ஆய்வகம்:

எஸ்எஸ்ஏ-வி கனமைசின் கேசட்தான், பிகேடி4 வழி. தேக்க நிலைக் கல்ச்சர் எடுத்தால் உள்ளே போகும் எண்ணிக்கை மிகக் குறையும் என்கிறார்களே? ஆப்சனைஸ் செய்தே (சீரம் பூசியே) ஆக வேண்டுமா?

மருதன்:

செய்யுங்கள். 20% இயல்பான எலிச் சீரம் கலந்த டிஎம்இஎம், 37 டிகிரி, 20–30 நிமிடம். உள்ளே போவது கூடும், குழிக்குக் குழி வேறுபாடு குறையும்.

யாழ்க்கலம்:

இதில் நான் உடன்படவில்லை. சீரம் பூசினால் பக்டீரியா நுழையும் வாசலே மாறுகிறது. காம்ப்ளிமென்ட் ஏற்பியும், சீரத்தில் பிறபொருளெதிரி இருந்தால் எஃப்சி ஏற்பியும் பிடிக்கும். குமிழியின் அடுத்தகட்டப் பயணமும், கலம் உமிழும் ஆக்சிஜன் மூலக்கூறுகளின் அளவும் அதைப் பொறுத்தே அமையும். கேள்வி "எஸ்பிஐ-2 இல்லாமல் பெருகுமா" என்பது மட்டுமென்றால் ஆப்சனைஸ் செய்யலாம். "குமிழி எப்படி முதிர்கிறது" என்பது கேள்வியென்றால் பூசாமலும் பூசியும் இரண்டு விதமாகவும் செய்துதான் பேச வேண்டும்.

இன்னொன்று. எல்பிஎஸ் (வெளிச் சவ்வின் சர்க்கரை–கொழுப்பு மூலக்கூறு) சங்கிலி குட்டையான மியூட்டன்ட் புதுச் சீரத்திலேயே உடைந்து செத்துவிடும். அப்படிப்பட்டவற்றுக்கு 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிய சீரம் பாவிக்க வேண்டும். சீரத்தில் வைத்த பின் ஒருமுறை அகாரில் பரப்பி எண்ணினால் சந்தேகம் தீரும்.

மருதன்:

ஒப்புக்கொள்கிறேன். என் பதிவில் "செய்யுங்கள்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்தது தவறு. கயலின் கேள்வி பெருக்கம் பற்றியது என்பதால் இங்கே பூசுவது சரி. எல்லாருக்குமான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அகார்தட்டு:

எம்ஓஐ கணக்கை யாரும் தொடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் விழும் குழி இது.

முந்தின நாள் 2.5 × 10⁵ போட்டால் மறுநாள் அது 2.5 × 10⁵ அல்ல. ரா செல் வேகமாகப் பிரியும், இரவில் ஏறத்தாழ இரட்டிக்கும். தொற்றும் நாளில் ஒரு குழியைச் சுரண்டி எண்ணுங்கள். 5 × 10⁵ என்று வைத்துக்கொள்வோம். எம்ஓஐ 10 என்றால் குழிக்கு 5 × 10⁶. அரை மில்லி ஊற்றுவதானால் மில்லிக்கு 1 × 10⁷ வேண்டும்.

இரவுக் கல்ச்சரை நேராக ஓடி 600-இல் (600 நானோமீட்டர் ஒளியில் கலங்கலின் அளவு) அளக்காதீர்கள், அடர்த்தி கூடினால் கருவி குறைத்துக் காட்டும். 1:10 நீர்த்து அளந்து 0.35 வந்தால் மூலம் 3.5. ஓடி 1-க்கு மில்லிக்கு 1 × 10⁹ என்பது தோராயம். அப்படியானால் மூலத்தில் 3.5 × 10⁹, தேவை 1 × 10⁷, ஆக 350 மடங்கு நீர்த்தல். 12 மில்லிக்கு 34 மைக்ரோலிட்டர். இவ்வளவு சின்ன அளவை நேராக எடுத்தால் பிப்பெட் பிழை அப்படியே எம்ஓஐயில் ஏறும். முதலில் 1:10 செய்து அதில் 343 மைக்ரோலிட்டர் எடுங்கள்.

ஊற்றிய பிறகு மிச்சமிருக்கும் கலவையைக் கட்டாயம் அகாரில் பரப்புங்கள். ஓடி சொல்வது மதிப்பீடு, தட்டு சொல்வதுதான் எம்ஓஐ. வைல்ட் டைப்பும் மியூட்டன்டும் ஒரே ஓடியில் இருந்தும் உயிருள்ள எண்ணிக்கையில் இரட்டிப்பு வேறுபாடு வருவது சகஜம்.

சராசரி 10 என்றால் ஒவ்வொரு செல்லிலும் 10 என்று பொருள் அல்ல. உள்ளே போனவை சராசரியாகச் செல்லுக்கு 1 என்றால், சீராகப் பரவியிருந்தாலும் 37% செல்லில் ஒன்றுகூட இருக்காது.

நுண்ணோக்கி_ரா:

எண்ணிக்கை பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த எண் எதை மறைக்கிறது என்பதையும் பேச வேண்டும்.

16 மணிக்கு வரும் காலனி, பெருகியதில் செத்ததைக் கழித்தது. பாதி பாக்டீரியா சாக மீதிப் பாதி இரண்டு மடங்கானாலும், ஒன்றுமே நடக்காவிட்டாலும், தட்டில் ஒரே எண். இரண்டும் உயிரியலில் முற்றிலும் வேறு. 2010-இல் வந்த ஒளிர்வு நீர்த்தல் முறை இதைப் பிரித்துக் காட்டியது. பாக்டீரியாவுக்குள் சிவப்புப் புரதத்தை முன்கூட்டியே நிரப்பிவிட்டு உற்பத்தியை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு முறை பிரியும்போதும் சிவப்பு பாதியாகும். பச்சைப் புரதம் தொடர்ந்து உற்பத்தியாவதால் பாக்டீரியா எங்கே என்பது தெரியும். ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்த்தால், மேக்ரோஃபேஜுக்குள் ஒரு கூட்டம் பல தலைமுறை பிரிந்திருக்கும், இன்னொரு கூட்டம் பிரியாமலே உயிரோடு இருக்கும். காலனி எண்ணிக்கையில் அந்த இரண்டாவது கூட்டம் கண்ணுக்கே படாது. ஆன்டிபயாடிக் சிகிச்சையைத் தாங்கி நோய் திரும்ப வருவதைப் புரிந்துகொள்ள அந்தக் கூட்டம்தான் முக்கியம்.

இந்தக் கருவியெல்லாம் இல்லாவிட்டாலும் உள்–வெளிச் சாயமாவது செய்யுங்கள்:

4% பாராஃபார்மால்டிஹைடில் 10–15 நிமிடம் நிலைப்படுத்தவும். சவ்வைத் துளைக்காமல் சால்மோனெல்லா எல்பிஎஸ் எதிர்ப்பொருள் ஊற்றி, சிவப்பு இரண்டாம் எதிர்ப்பொருள். வெளியே ஒட்டியிருப்பவை மட்டும் சிவப்பாகும். அடுத்து 0.1% சாப்போனின் சேர்த்து, மறுபடி அதே எல்பிஎஸ் எதிர்ப்பொருள், பச்சை இரண்டாம் எதிர்ப்பொருள். உள்ளே இருப்பவை பச்சை மட்டும், வெளியே இருப்பவை இரண்டு நிறமும்.

தவறுவது இங்கே: சாப்போனின் போட்ட துளை நிலையானது அல்ல, எடுத்தால் மூடிக்கொள்ளும். அதன்பின் வரும் எல்லாக் கரைசலிலும், கழுவல் உட்பட, சாப்போனின் இருக்க வேண்டும். நிலைப்படுத்தும் முன்பே செத்த செல்லில் சவ்வு ஏற்கெனவே திறந்திருக்கும். அதன் உள்ளே இருப்பதும் "வெளியே" என்று சிவப்பாகத் தெரியும். சிவப்பு மொத்தமாக ஒரே செல்லில் குவிந்திருந்தால் அது ஒட்டல் அல்ல, சாவு.

கயல்_ஆய்வகம்:

ஹீலா பக்கமும் ஒரு சந்தேகம், நுண்ணோக்கி_ரா. அங்கே 8 மணிக்குச் சில செல்களில் மட்டும் நூற்றுக்கு மேல் பாக்டீரியா அடைந்து கிடக்கிறது, பக்கத்துச் செல்லில் நாலைந்துதான். இது கலப்படமா?

நுண்ணோக்கி_ரா:

கலப்படம் இல்லை, அதுதான் சால்மோனெல்லாவின் இரட்டை வாழ்க்கை. நுழைந்த சில நிமிடங்களில் குமிழி ரேப்5, ஈஈஏ1 (இளம் குமிழியின் அடையாளப் புரதங்கள்) அணிந்திருக்கும், பின்பு லேம்ப்1 (முதிர்ந்த குமிழியின் அடையாளம்) வந்து சேரும். பெரும்பாலானவை அந்தக் குமிழிக்குள்ளேயே எஸ்பிஐ-2 துணையோடு மெதுவாகப் பெருகும். எஸ்பிஐ-2 செலுத்தும் சிஃப்-ஏ புரதம் குமிழியை நுண்குழல் வழியே நீண்ட இழைகளாக இழுக்கும். ஒரு சிறு பகுதி மட்டும் தொடக்கத்திலேயே குமிழியைக் கிழித்து சைட்டோசாலுக்கு (செல்லின் உட்திரவம்) வந்துவிடுகிறது. கிழிந்த குமிழியின் சர்க்கரைகளை செல்லின் காலெக்டின்-8 புரதம் பிடிக்க, யுபிக்விட்டின் பூசப்பட, என்டிபி52 புரதம் வந்து தன்விழுங்கலுக்கு இழுக்கும். தப்பியவை மிக வேகமாகப் பெருகும். நீங்கள் பார்க்கும் நிரம்பிய செல் அது.

இரண்டையும் பிரிக்க குளோரோகுயின் போதும். இது பலவீனக் காரம், அமிலக் குமிழிக்குள் புகுந்து மின்னூட்டம் பெற்று அங்கேயே சிக்கிக் குவியும். குமிழிக்குள் இருக்கும் பாக்டீரியா சாகும், சைட்டோசாலில் இருப்பது தப்பும். நீங்கள் பார்க்க விரும்பும் நேரத்துக்கு 1 மணி நேரம் முன்பு ஒரு குழிக்கு ஜென்டமைசினோடு 400 மைக்ரோமோலார் குளோரோகுயின், பக்கத்துக் குழிக்கு ஜென்டமைசின் மட்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சைட்டோசாலின் பங்கு. லேம்ப்1 சாயத்தோடு ஒருமுறையாவது ஒத்துப்பாருங்கள்; மியூட்டன்டின் குமிழி அமிலமாகாவிட்டால் குளோரோகுயின் அங்கே வேலை செய்யாது, சைட்டோசால் பங்கு பொய்யாகக் கூடிக் காட்டும்.

ஹீலாவுக்குள் நுழைவதை வேறு ஆய்வகத்து எண்ணோடு ஒப்பிடும்போது இனத்தையும் பாருங்கள். எஸ்எல்1344-இல் சோப்-ஈ உண்டு. எல்டி2, 14028எஸ் இரண்டிலும் இல்லை.

யாழ்க்கலம்:

கழுவலைப் பற்றி ஒன்று. ரா கலங்கள் குளிர்ந்த பிபிஎஸ் பட்டால் உருண்டு பிரிந்துவிடும். 37 டிகிரியில் சூடாக்கிய பிபிஎஸ், குழியின் சுவரோடு மெல்ல விடவேண்டும், நடுவில் பீய்ச்சக் கூடாது. ஒவ்வொரு நேரத்துக்கும் கலம் எண்ண ஒரு குழி தனியாக வையுங்கோ. 16 மணிக்குப் பாதிக் கலம் போயிருந்தால் குழிக்கான எண்ணிக்கையை அப்படியே எழுதுவது தவறு.

உடைப்பது 0.1% டிரைட்டானில் 5–10 நிமிடம். பிப்பெட் முனையால் அடித்தளத்தைச் சுரண்டி, 20 தடவை மேலும் கீழும் இழுக்க வேண்டும். கட்டியாக நின்ற பத்துப் பக்டீரியா ஒரு காலனியாகத்தான் வளரும். வெளிச் சவ்வு குறைபட்ட மியூட்டன்ட் டிரைட்டானிலேயே சாகலாம். அப்போது காய்ச்சி வடித்த நீரில் உடைத்துப் பார்க்கலாம்.

பாதுகாப்பு: இது பிஎஸ்எல்-2 கிருமி. தட்டைச் சுழற்றும்போது மூடியோடு அடைப்புள்ள வாளியில் வைத்துச் சுழற்றி, பாதுகாப்பு அறைக்குள் திறக்க வேண்டும். உறிஞ்சிய மீடியம் 0.5% ஹைப்போகுளோரைட்டில், மற்றவை 121 டிகிரி ஆட்டோகிளேவில்.

வளர்தட்டு:

குறுக்கே ஒரு கேள்வி. இதே முறையை டைஃபாய்டு தரும் சால்மோனெல்லா டைஃபி கிருமிக்கு ரா செல்லில் செய்யலாமா?

மருதன்:

பெருக்கம் பார்க்க முடியாது. டைஃபி மனிதருக்கே உரிய கிருமி, எலி மேக்ரோஃபேஜில் தாக்குப்பிடிக்காது; ரேப்32 புரதம் வழியாகச் செல்லும் எலியின் தற்காப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். மனிதச் செல் எடுங்கள். டிஎச்பி-1 என்றால் மிதக்கும் செல். பிஎம்ஏ (செல்லை மேக்ரோஃபேஜாக மாற்றும் வேதிப்பொருள்) கொடுத்து ஒட்ட வைத்து, பிஎம்ஏ இல்லாத மீடியத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுத்தபின் தொற்ற வேண்டும். அந்த ஓய்வு இல்லையென்றால் கிருமிக்கான எதிர்வினையையும் பிஎம்ஏவுக்கான எதிர்வினையையும் பிரிக்க முடியாது.

கயல்_ஆய்வகம்:

மருதன் சார், அகார்தட்டு, இருவர் சொன்னதையும் சேர்த்து மறுபடி செய்கிறேன்: தேக்க நிலை, 20% சீரம், 100 ஒரு மணி நேரம், பிறகு 10. எஸ்எஸ்ஏ-வியோடு ஒரு புது மியூட்டன்டும் வைக்க வேண்டும். அது 2 மணிக்கு வைல்ட் டைப்பில் 60%, 16 மணிக்கு 30% என்று வந்தால் நுழைவில் குறையா, பெருக்கத்தில் குறையா?

அகார்தட்டு:

இரண்டிலும். ஒவ்வொன்றையும் அதன் 2 மணி எண்ணால் வகுக்க வேண்டும். வைல்ட் டைப் 1 × 10⁵-இலிருந்து 1 × 10⁶ போனால் 10 மடங்கு. மியூட்டன்ட் 6 × 10⁴-இலிருந்து 3 × 10⁵ போனால் 5 மடங்கு. நுழைவில் 40% குறைவு, பெருக்கத்தில் பாதி. 16 மணி எண்ணை மட்டும் காட்டினால் "70% பெருகவில்லை" என்று தவறாகப் படிப்பார்கள்.

ஒரே நாளின் மூன்று குழி மூன்று சோதனை அல்ல. மூன்றின் சராசரி ஒரு புள்ளி. வெவ்வேறு நாளில், வெவ்வேறு கல்ச்சரில் குறைந்தது மூன்று புள்ளி, மடக்கையாக மாற்றியபின் ஒப்பீடு. எஸ்எஸ்ஏ-வி 16 மணிக்கு ஏறாமல் நிற்க, வைல்ட் டைப் சில மடங்காவது ஏறினால்தான் அந்த நாளின் தரவைத் திறந்து பாருங்கள். அது நடக்காத நாளில் புது மியூட்டன்ட் என்ன காட்டினாலும் எழுதக் கூடாது.

ஜீனைத் திரும்பக் கொடுத்தும் பார்க்க வேண்டும். பிடபிள்யூஎஸ்கே29 போன்ற குறைந்த படி பிளாஸ்மிட் எடுங்கள். படி கூடினால் புரதம் அளவுக்கு மீறி உருவாகி அதுவே பெருக்கத்தைக் கெடுக்கும். செல்லுக்குள் இருக்கும்போது ஆம்பிசிலின் போதிய அளவு எட்டாது, அதனால் பிளாஸ்மிட்டைத் தக்கவைக்கும் அழுத்தம் இல்லை. 16 மணி மாதிரியை ஆம்பிசிலின் உள்ள அகார், இல்லாத அகார் இரண்டிலும் பரப்புங்கள். இல்லாததில் 200, உள்ளதில் 80 என்று வந்தால் 60% பாக்டீரியா பிளாஸ்மிட்டைத் தொலைத்துவிட்டது. குறை சரியாகவில்லை என்பதற்கு ஜீனைக் குற்றம் சொல்லும் முன் இந்த இரண்டு தட்டையும் எண்ணுங்கள்.